மூன்றடி உயரத்திலிருந்து ஓர் ஒளித்திடல்

வேலூரில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிக் காட்பாடிப் பக்கமாக உள்ள ஒரு திறந்த திடலில், பொங்கல் விடுமுறை தொடங்கியதிலிருந்து மாலை நேர ஒளிக்காட்சி ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை, முன்பதிவும் தேவையில்லை, மாலை ஆறு மணிக்குத் திறந்து ஒன்பது மணிக்கு மூடுகிறார்கள். ஆறு வயது மகள், மூன்று வயது மகன், என் மாமியார் ஆகிய மூவரோடும் நான் அங்கே இரண்டு முறை போய்வந்தேன். முதல் முறை ஞாயிற்றுக்கிழமை, ஊரே திரண்டு வந்திருந்த மாலை. இரண்டாம் முறை அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, திடலில் நூறு பேர்கூட இல்லாத மாலை. அதே விளக்குகள் இந்த இரண்டு நாளிலும் முற்றிலும் வேறான அனுபவத்தைத் தந்தன; ஞாயிறு மட்டும் பார்த்துவிட்டு எழுதியிருந்தால் அது நடத்துபவர்களுக்கு நியாயம் செய்ததாக இருந்திருக்காது. அவர்களுடைய பெயரை நான் குறிப்பிடவில்லை. குறைகளையும் எழுத வேண்டியிருக்கிறது. அதே நேரத்தில், சம்பளம் வாங்காமல் இரவெல்லாம் நின்று உழைக்கும் கல்லூரிப் பிள்ளைகளின் முகம் எனக்கு நினைவில் இருக்கிறது.

பார்க்கத் தகுந்ததா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தகுந்தது, கட்டாயம் போய்வாருங்கள். ஆனால் எந்த இடத்தில் நிற்க வேண்டும், எதைக் கடந்துபோய்விட வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள். மூன்று வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து மூன்றடிக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் இந்தத் திடலில் பாதி, பெரியவர்களின் இடுப்பும் கைப்பையும் கயிற்றுத் தடுப்பும்தான். பெரியவர்கள் அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொள்வதற்காகச் செய்யப்பட்ட பகுதிகள் எதுவும் எங்கள் பிள்ளைகளிடம் எடுபடவில்லை. தங்கள் காலோ கையோ பட்டு ஒளி மாறிய இடங்களிலோ, அவர்கள் நகர மறுத்தார்கள். இந்த வேறுபாட்டை அளவுகோலாக வைத்துக்கொண்டே நான் ஒவ்வொன்றையும் மதிப்பிடுகிறேன்.

நுழைந்தவுடன் வருவது ஒளிக்குகை. முப்பது நாற்பது வளைவுகளை அடுத்தடுத்து நிறுத்தி, ஒவ்வொன்றிலும் எல்இடி பட்டைகளை ஒட்டி, ஒளி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுவதுபோல் அமைத்திருக்கிறார்கள். தொலைவிலிருந்து பார்க்கும்போது அழகாகத்தான் இருக்கிறது. உள்ளே போனதும் இரண்டு பக்கமும் வைத்திருந்த ஸ்பீக்கர்களின் அதிர்வு நெஞ்சில் இடித்தது. பாட்டின் தாளத்துக்கு ஏற்ப வெள்ளை ஒளி வெட்டி வெட்டி மின்னியது. என் மகன் பத்தடி போவதற்குள் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு, முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டு, "அம்மா, வூட்டுக்குப் போலாம்" என்று அழத் தொடங்கினான். அவனை மட்டும் சொல்லவில்லை. அன்று அந்தக் குகையின் நடுவில் அழுத பிள்ளைகளை நான் எண்ணியே ஐந்து பேர். பின்னால் கூட்டம் நெருக்கிக்கொண்டு வந்ததால் திரும்பிப் போகவும் வழி இல்லை. வெளியே வந்து அரைமணி நேரம் சுண்டல் கொறித்த பிறகுதான் அவன் மற்ற விளக்குகளை நிமிர்ந்து பார்த்தான். செவ்வாய்க்கிழமை போனபோதுதான் குகைக்கு இடதுபுறம், டிக்கெட் மேசைபோல் போட்டிருந்த மேசைக்குப் பின்னால், நேராகத் திடலுக்குள் போகும் ஒரு பக்கவழி இருப்பது தெரிந்தது. முதல் நாளே ஒரு சிறு பலகையில் அதை எழுதி வைத்திருந்தால் பல பிள்ளைகளுக்கு அந்த மாலை அழுகையில் தொடங்கியிருக்காது.

குகையைப் பற்றி இன்னொன்றும் அழுத்திச் சொல்ல வேண்டும். நொடிக்கு மூன்று முறை முதல் முப்பது முறை வரை மின்னும் ஒளி, ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு வலிப்பை வரவழைக்கக்கூடும். வலிப்பு உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கே இந்தத் தன்மை உண்டு என்றாலும், பள்ளி வயதுப் பிள்ளைகளிடமும் பதின்பருவத்தினரிடமும்தான் அது அதிகமாகக் காணப்படுகிறது; பல பேருக்கு முதல் முறை நேரும்வரை தெரிவதே இல்லை. குகையின் வெள்ளை மின்னல் நொடிக்கு மூன்றைத் தாண்டியே இருந்தது. வாசலில் ஓர் எச்சரிக்கைப் பலகைகூட இல்லை. அப்படிப்பட்ட பிள்ளையை வைத்திருப்பவர்கள் பக்கவழியிலேயே போங்கள். தெரியாமல் உள்ளே மாட்டிக்கொண்டால், கண்களை மூடிக்கொள்வது மட்டும் போதாது, இமையைத் தாண்டியும் ஒளி உள்ளே போகும். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுவதும் மறைத்துக்கொண்டு ஒளியிலிருந்து விலகி வெளியேற வேண்டும். நடத்துபவர்கள் தாளத்துக்கு மின்னுவதை விட்டுவிட்டு மெதுவாக நிறம் மாறுவதாக அமைத்தாலே போதும். ஒரு ரூபாய் செலவில்லாமல், கணினியில் இரண்டு எண்களை மாற்றிச் செய்யக்கூடிய திருத்தம் இது.

அடுத்து மயில், யானை, தாமரைக் குளம் என்று கம்பிச் சட்டத்தில் விளக்குக் கயிறு சுற்றிச் செய்த உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. இவற்றில் புதுமை ஒன்றும் இல்லை. சுற்றிலும் கட்டியிருக்கும் கயிறு மிகச் சரியாக என் மகனின் கண்மட்டத்தில் இருந்ததால், அவனைத் தூக்கிப் பிடித்தால்தான் மயிலின் தலை தெரிந்தது. ஆனால் இந்த வரிசையில்தான் என் மாமியார் மிக அதிக நேரம் நின்றார். அவர் பிள்ளையாக இருந்த காலத்தில் கோயில் திருவிழாவுக்குத் தெருமுனையில் நிறுத்திய சீரியல் செட் உருவங்களை நினைவுகூர்ந்து, என் மகளுக்கு விளக்கிக்கொண்டே வந்தார். பலகையில் சாமி உருவத்தை வரைந்து, கோட்டின் மேல் துளையிட்டுச் சின்னச் சின்ன பல்புகளைச் சொருகியிருப்பார்கள். ஆறு வோல்ட் பல்புகளை நாற்பதளவில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தால்தான் வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டை அவை பகிர்ந்து தாங்கும். அதனாலேயே ஒன்று போனால் அந்த வரிசை முழுவதும் அணைந்துவிடும். சாமியின் கையில் சக்கரம் சுற்றுவதற்கும், பாம்பு நெளிவதற்கும், பலகைக்குப் பின்னால் மோட்டார் ஒன்று மரஉருளையைச் சுழற்றிக்கொண்டிருக்கும். உருளையின் மேல் ஒட்டிய தகடுகள் தொட்டு விலகும் வரிசைக்கு ஏற்ப பல்புகள் எரிந்து அணையும். இன்று ஒரு விரல் நுனி அளவுள்ள சில்லு செய்யும் வேலையை அன்று ஒரு மரஉருளை செய்தது. மாமியார் முன்னால் பார்த்ததைவிட அந்தப் பலகையின் பின்னால் நின்று உருளையைப் பார்த்ததுதான் அதிகமாம். "இதுக்குப் பின்னால இன்னா கண்ணு இருக்குது, போய்ப் பாக்கலாம் வா" என்று பேத்தியை அழைத்தார். தடுப்பு இருந்ததால் பார்க்க முடியவில்லை. பிள்ளைகளுக்காக ஓர் உருவத்தையாவது பின்புறம் திறந்து, கண்ணாடித் தடுப்பு வைத்துக் காட்டியிருக்கலாம் என்று எனக்கு உண்மையாகவே தோன்றியது. சித்ரா பௌர்ணமி இரவில் புஷ்பப் பல்லக்கு பார்த்து வளரும் வேலூர்ப் பிள்ளைகளுக்கு விளக்கு அலங்காரம் புதிதல்ல. அது எப்படி எரிகிறது என்பதுதான் அவர்களுக்குப் புதிது.

யானைக்கு அடுத்த மூலையில், பெரும்பாலோர் நிற்காமல் கடந்துபோன ஒரு சிறிய அமைப்பு இருக்கிறது. ஒரு மெல்லிய பட்டையில் ஒரே வரிசையாக விளக்குகளைப் பதித்து, அதை விசிறிபோல் வேகமாகச் சுழலவிட்டிருக்கிறார்கள். சுழலும்போது பட்டை மறைந்துவிடுகிறது. அந்தரத்தில் ஒரு பூ மலர்கிறது, பிறகு ஒரு மீன், பிறகு ஒரு கோலம். நம் கண்ணில் விழுந்த ஒளி மறைந்த பின்னும் நொடியில் ஒரு சிறு பங்கு நேரம் அதன் பதிவு தங்கியிருப்பதால், அடுத்தடுத்த புள்ளிகள் சேர்ந்து ஒரே உருவமாகத் தெரிகின்றன. இதை நான் என் மகளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, மாமியார் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: "இது மாவளி."

கார்த்திகைத் தீபத்தன்று எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகள் மாவளி சுற்றுவார்கள். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடித்துத் தூளாக்கி, துணியில் இறுகச் சுற்றி, பிளந்த பனைமட்டைகளின் நடுவில் வைத்துக் கட்டி, நீண்ட கயிற்றின் முனையில் தொங்கவிட்டு நெருப்பு வைப்பார்கள். கயிற்றைப் பிடித்துத் தலைக்கு மேலே சுழற்றினால் பொறிகள் சிதறி, இருட்டில் ஒரு முழு வட்டம் தெரியும். எரிவது ஒரே ஒரு கரித்துண்டு, தெரிவது சக்கரம். திருவண்ணாமலை மலையுச்சியில் தீபம் தெரிந்ததும் ஊர் ஊராக இப்படிச் சக்கரங்கள் கிளம்பியதை மாமியார் சொல்லக் கேட்டபடி, என் மகள் அந்தச் சுழலும் பட்டையைக் கால்மணி நேரம் பார்த்தாள். பிறகு என் கைப்பேசியின் டார்ச்சை எரியவிட்டு, கையை நீட்டிச் சுற்றி, "எனக்கு வட்டம் வரலையே" என்றாள். வேகம் போதாது என்று அவளே கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் ஆனது. திடலில் அதிகச் செலவில்லாமல் செய்யப்பட்ட அமைப்புகளில் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்கு ஒரு பெயர்ப்பலகை இல்லை, அருகில் ஒரு தன்னார்வலரும் இல்லை. எங்களோடு மாமியார் வராமலிருந்தால் நானும் அதைக் கடந்துதான் போயிருப்பேன்.

இனி நிழல் சுவர். இந்தத் திடலுக்குப் போவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

பத்தடி உயரத்தில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டிச் சுவர்போல் நிறுத்தியிருக்கிறார்கள். அதற்கு எதிரே தரையில், ஒன்றுக்கொன்று இரண்டடி இடைவெளியில், சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்குகள். மூன்றும் சேர்ந்து விழும் இடத்தில் துணி வெள்ளையாகவே தெரிகிறது. எந்த நிறமும் இல்லை. என் மகன் ஓடிப்போய் விளக்குகளுக்கும் துணிக்கும் நடுவில் நின்றான். அவனுக்கு மூன்று நிழல்கள் விழுந்தன. ஒன்று மஞ்சள், ஒன்று வாடாமல்லி நிறம், ஒன்று மயில் கழுத்தின் பச்சை கலந்த நீலம். குகையில் அழுத பிள்ளை, இங்கே கையைத் தூக்கினான், காலைத் தூக்கினான், மூன்று நிழல்களும் தூக்கின. அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற அறிமுகமில்லாதவர்களும் சிரித்துவிட்டார்கள்.

இது ஏன் நிகழ்கிறது என்று கேட்ட பெற்றோர்கள் பலர்; விளக்கிச் சொல்லப் பலகை இல்லாததால் எழுதுகிறேன். நாம் நின்று சிவப்பு விளக்கை மறைக்கும் இடத்தில் பச்சையும் நீலமும் மட்டும் விழுகின்றன. அவை கலந்தால் மயில் கழுத்து நிறம். பச்சையை மறைத்தால் சிவப்பும் நீலமும் சேர்ந்து வாடாமல்லி நிறம். நீலத்தை மறைத்தால் சிவப்பும் பச்சையும் சேர்ந்து மஞ்சள். இரண்டு நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் ஒரே ஒரு விளக்கின் நிறம் எஞ்சும்; மூன்று நிழல்களும் கூடும் இடம் கறுப்பு. வண்ணப் பெட்டியில் சிவப்பையும் பச்சையையும் குழைத்தால் சேற்று நிறம் வரும் என்று பள்ளியில் கண்டிருந்த என் மகள், ஒளியில் அவை மஞ்சளாவதை ஏற்றுக்கொள்ளவே மறுத்தாள். சாயம் ஒளியை விழுங்குகிறது, அதனால் சாயத்தைச் சேர்க்கச் சேர்க்க இருளும்; ஒளியோடு ஒளி சேரச் சேர வெளிச்சம்தான் கூடும் என்று சொன்னேன். அவள் நம்பியது என் சொல்லை அல்ல, தானே செய்து பார்த்ததைத்தான். ஞாயிறன்று வரிசையில் தள்ளிவிட்டதால் இரண்டு நிமிடம்தான் கிடைத்தது. செவ்வாயன்று நாற்பது நிமிடம் கிடைத்தது. துணிக்கு அருகே போகப் போக மூன்று நிழல்களும் நெருங்கி ஒன்றாகிக் கறுத்துப்போவதையும், துணியை விட்டு விலகி விளக்குகளை நோக்கி வர வர அவை பிரிந்து நிறம் பெற்றுப் பெரிதாவதையும் அவள் யாரும் சொல்லாமல் கண்டுபிடித்தாள். "சுவர்கிட்ட போனா நான் கறுப்பு, லைட்கிட்ட வந்தா நான் கலர்" என்று அதை ஒரு விதியாகவே சொல்லி, அடுத்து வந்த பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தாள்.

என் மாமியார் விரல்களை மடக்கி மான் செய்தார். மின்சாரம் போன இரவுகளில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் சுவரில் காட்டிய அதே மான். இங்கே மூன்று நிற மான்கள் ஒன்றையொன்று துரத்தின. அரிக்கேன் விளக்கின் முன் கறுப்பு மானை மட்டுமே பார்த்திருந்த அவர், தம் கையையே வியந்து பார்த்துக்கொண்டிருந்தார். நீலம் இவ்வளவு அழுத்தமாகத் திருவிழாக்களில் முன்பு கிடையாது என்றும் சொன்னார். அது உண்மை. பழைய சீரியல் செட்டில் பல்பின் மேல் சாயம் பூசித்தான் நீலம் வரவழைத்தார்கள். அந்த பல்பின் ஒளியிலேயே நீலம் குறைவு, அதிலும் பெரும்பகுதி சாயத்திலேயே மடிந்துவிடும். நீல ஒளியைத் தானே உமிழும் திறமான எல்இடி 1990-களில்தான் கைகூடியது. அதைச் சாதித்ததற்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. சிவப்பும் பச்சையும் முன்பே இருந்தன. நீலம் வந்த பிறகே எல்இடி விளக்கு வெள்ளையாக எரிந்தது, இந்தச் சுவரும் சாத்தியமானது. வீட்டுக்கு வந்ததும் நீங்களும் செய்து பார்க்கலாம்: கைப்பேசித் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, விரல் நுனியால் ஒரு சிறு துளித் தண்ணீரை வையுங்கள். துளி பூதக்கண்ணாடியாகி, அந்த வெள்ளைக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளைக் காட்டும்.

இந்தச் சுவருக்கு நேர்ந்த ஒரே தீங்கு, திடலின் நடுவில் உள்ள ஹைமாஸ்ட் விளக்கு. ஞாயிறன்று ஏழரை மணி வரை அதை அணைக்கவே இல்லை. அதன் வெளிச்சம் துணியில் விழுந்து, நிறங்கள் எல்லாம் கழுவிப்போட்ட சாயம்போல் வெளிறிக் கிடந்தன. யாரோ போய்ச் சொல்லி அணைத்த பிறகு திடல் முழுவதும் ஒரு 'ஓ' எழுந்தது. கூட்டம் இருக்கும் இடத்தில் பாதுகாப்புக்காகப் பெரிய விளக்கு வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். அந்தக் கவலையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நடைபாதை ஓரத்தில் முழங்கால் உயரத்தில் தரையை மட்டும் காட்டும் சிறு விளக்குகள் போட்டால், கால் தடுக்கவும் செய்யாது, கண்ணும் கூசாது. இருட்டுக்கு நம் கண் முழுவதும் பழக இருபது முப்பது நிமிடம் ஆகிறது. ஒருமுறை வெள்ளை வெளிச்சம் அடித்தால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். பழைய வடஆற்காட்டுக்காரர்களுக்கு இருட்டின் மதிப்பு தெரிந்திருக்க வேண்டும். ஊர் விளக்குகள் எட்டாத இடம் என்பதற்காகவே ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்து, வைணு பாப்பு வானாய்வகத்தை அமைத்து, 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியை அங்கே நிறுவினார்கள். விளக்கு காட்டவும் இருட்டு வேண்டும்.

நிழல் சுவருக்கு அடுத்தபடியாக, மிதித்தால் நிறம் மாறும் தளம் பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. எட்டுக்கு எட்டு என்று அறுபத்துநான்கு சதுரங்கள். கால் வைத்த சதுரத்திலிருந்து ஒளி அலைபோல் சுற்றிலும் பரவுகிறது. பாண்டி ஆடத் தெரிந்த பிள்ளைகள் ஒற்றைக் காலில் தாவித் தாவி விளையாடினார்கள். ஞாயிறன்று பெரிய பையன்கள் ஏறிக் குதித்ததில் சின்னப் பிள்ளைகள் ஓரத்திலேயே நின்றார்கள். அங்கிருந்த தன்னார்வலர் பெண், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை மட்டும் முதல் பத்து நிமிடம் விடுவது என்று தானாகவே ஒரு முறை வகுத்து, யாரிடமும் குரல் உயர்த்தாமல் அதை நடத்தியும் காட்டினார். திடலில் நான் கண்ட மிகச் சிறந்த ஏற்பாடு அது. தண்ணீர் பாட்டில்களை வெட்டிச் செய்த விளக்குத் தோரணமும், செயற்கை மரமும் உண்டு; நடந்துபோகும்போது பார்த்தால் போதும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, பிள்ளைகளின் கைக்கு எட்டும் விளக்குப் பட்டைகள் எல்லாம் 5 வோல்ட் அல்லது 12 வோல்ட்டில் ஓடுபவை என்று ஒரு தன்னார்வலர் சொன்னார். தொட்டால் அதிர்ச்சி தராத அளவு அது. கவனிக்க வேண்டியது, 230 வோல்ட்டை அந்த அளவுக்குக் குறைக்கும் பெட்டி இருக்கும் இடம்தான். தை மாதப் பனியில் திடலின் புல் ஏழு மணிக்கே நனைந்துவிடுகிறது. ஞாயிறன்று யானை உருவத்துக்குப் பின்னால் மின்கம்பி இணைப்பு ஒன்று, இன்சுலேஷன் டேப் சுற்றியபடி, ஈரப் புல்லின் மேலேயே கிடந்தது. பந்தைத் துரத்தி வந்த ஒரு சிறுவன் அதைத் தாண்டிக் குதித்ததை நான் பார்த்தேன். சொன்னவுடன் வந்து செங்கல் வைத்து உயர்த்தினார்கள். செவ்வாயன்று அது மூடிய பெட்டிக்குள் போயிருந்தது. இந்த உடனடித் திருத்தத்துக்கு மனமார்ந்த நன்றி. ஆனாலும் திறந்தவெளியில் மின்சாரம் எடுக்கும் ஒவ்வோர் இணைப்பிலும், 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும் ஈ.எல்.சி.பி. என்ற பாதுகாப்புக் கருவி இருக்க வேண்டும், நடத்துபவர்கள் அது இருக்கிறது என்பதை வாசலில் எழுதி வைத்தால் பெற்றோருக்கு நிம்மதி.

என்னை உண்மையில் வருந்தச் செய்தது கழிப்பறை. இரண்டு நடமாடும் கழிப்பறைகள் வைத்திருந்தார்கள், தண்ணீரும் இருந்தது, உள்ளே விளக்கு இல்லை. ஆயிரக்கணக்கான விளக்குகள் எரியும் இடத்தில், மூன்று வயதுப் பிள்ளையைக் கைப்பேசி டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார வைக்க வேண்டியிருந்தது. செவ்வாயன்றும் அது சரியாகவில்லை. என் மாமியாரின் முழங்காலுக்கு உட்கார ஓர் இருக்கையும் கிடைக்கவில்லை. அவர் செங்கல் அடுக்கு ஒன்றின்மேல் உட்கார்ந்தார். முதியவர்களை அழைத்துப் போகிறவர்கள் மடக்கு நாற்காலி ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது. தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டுவந்தவர்கள் மணலில் சக்கரம் புதைந்து தூக்கிச் சுமந்தார்கள்.

வாசலில் மின்னும் பொம்மைகள் விற்கிறார்கள். பிழைப்புக்காக விற்பவர்களைத் துரத்தச் சொல்லவில்லை. பெற்றோர் இரண்டு பொருள்களை மட்டும் வாங்காதீர்கள். ஒன்று, லேசர் விளக்கு. கண்ணில் பட்டால் விழித்திரையைச் சுட்டுவிடக்கூடும், அது திரும்ப ஆறாது. இன்னொன்று, மூடி திருகாணியால் இறுக்கப்படாத மின்னும் வளையலும் மோதிரமும். அவற்றுக்குள் இருப்பது பொத்தான் பேட்டரி. பிள்ளை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால், எச்சிலின் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துப் புண்ணாக்கத் தொடங்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் வந்தாலே, வாந்தி வரவழைக்காமல், பழம் கொடுத்துப் பார்க்கிறேன் என்று காத்திருக்காமல், நேராக மருத்துவமனைக்கு ஓட வேண்டும். என் மகள் வளையல் கேட்டு அழுதாள்; காற்றாடி வாங்கிக்கொடுத்தேன்.

போகும் செலவைப் பற்றி: பாகாயத்துக்கும் காட்பாடிக்கும் ஓடும் சாதாரண நகரப் பேருந்தில் எங்கள் மூவருக்கும் பெண்கள் என்பதால் கட்டணம் இல்லை, ஐந்து வயது நிரம்பாததால் மகனுக்கும் இல்லை. இருசக்கர வண்டிகளுக்கே ஞாயிறன்று நிறுத்த இடம் கிடைக்காததால், பேருந்தில் போனதே சரியாயிற்று. திரும்பும்போது மகன் தூங்கிவிட்டதால் ஷேர் ஆட்டோ பிடித்தோம். சுண்டல், காற்றாடி, ஆட்டோ மூன்றும் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் அடங்கியது. வார நாளில், ஆறு மணிக்குச் சற்று முன்பே போய்விடுங்கள். இருட்டிக்கொண்டு வரும் அந்த அரைமணி நேரத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாகத் துலங்கி வருவதைப் பிள்ளைகள் பார்ப்பது தனி அனுபவம். எட்டு மணிக்குள் அவர்கள் களைத்தும்விடுவார்கள். முழுக்கைச் சட்டையும் காதை மூடும் குல்லாவும் பனிக்கும் கொசுவுக்கும் உதவும். கூட்ட நாளில்தான் போக முடியும் என்றால், பிள்ளையின் முன்கையில் உங்கள் கைப்பேசி எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள்.

குகையின் ஓசையைக் குறைப்பது, கழிப்பறைக்கு ஒரு விளக்கு, நிழல் சுவரைப் பெரிதாக்கி முதலிடத்தில் வைப்பது ஆகிய மூன்றையும் அங்கிருந்த கருத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டு வந்தேன். ஆற்காட்டிலிருந்து என் நாத்தனார் பிள்ளைகள் இரண்டு பேர் சனிக்கிழமை வருகிறார்கள். அவர்களையும் அழைத்துக்கொண்டு மூன்றாம் முறை போகிறோம். மேசைக்குப் பின்னால் உள்ள பக்கவழியாக, நேரே வெள்ளைத் துணியின் முன்னால்.